ஜப்பான் காரு ஓயாம பேசுது, வாயை எப்படி மூடுறது? மொரீஷியஸ்ல கார் ஓட்டுற நம்மாளுங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் மெக்கானிக் இல்ல. எபென்ல சாப்ட்வேர் வேலை, மதுரைப் பக்கம் இருந்து வந்து பதினோரு வருஷம் ஆச்சு, இங்கயே பொண்ணு கட்டி இங்கயே செட்டில் ஆயிட்டேன். முதல்ல வாங்குன ரீகண்டிஷன் கார், அதாவது ஜப்பான்ல ஓடி இங்க வந்த பழைய கார், முதல் நாளே ஜப்பான் பாஷைல பேச ஆரம்பிச்சிருச்சு, அத அடக்க நான் பட்ட பாட்ட பாத்துட்டு ஊர்ல இருந்து புதுசா வர்ற பசங்க, நகைப் பட்டறைல வேலை பாக்குறவங்க, கோயில் குருக்கள்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் போன் போட்டு கேக்குறாங்க. ஒரே பதில முப்பது தடவ டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன். இந்தத் தீவுக்கு சம்பந்தமே இல்லாத சத்தம் எது, நம்ம உயிருக்கு வேணுங்கிற சத்தம் எது, இத பிரிச்சுட்டா வேலை முடிஞ்சது, ஆனா பிரிக்கிறதுல தான் நெறைய பேர் தப்பு பண்றாங்க.

அண்ணே, வண்டிய ஸ்டார்ட் பண்ணதும் ஒரு பொம்பள குரல் ஏதோ சொல்லுது. யாரு அது, என்ன சொல்லுது?

பயப்படாதீங்க, பேய் இல்ல. "ஈடீசீ காடோ கா சோன்யூ சரெதே இமாசேன்"னு கேட்டுச்சுன்னா "ஈடிசி கார்டு சொருகல"ன்னு அர்த்தம். ஈடிசின்னா ஜப்பான்ல டோல் கேட்ல நிக்காம காசு கட்டுற பெட்டி, அங்க 2001ல நாடு முழுக்க கொண்டு வந்தாங்க, நம்மூரு ஃபாஸ்டேக் மாதிரின்னு வெச்சுக்குங்க, ஆனா இது ஒட்டுற ஸ்டிக்கர் இல்ல, கிரெடிட் கார்டு சைஸ்ல ஒரு கார்டு சொருகுற மிஷின். மொரீஷியஸ்ல டோல் ரோடே கிடையாது. அந்தப் பெட்டிக்கு அது தெரியாது பாவம், வண்டி எடுக்குறப்பெல்லாம் கார்டு எங்க கார்டு எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். சில வண்டில இன்னிக்கு என்ன தேதி என்ன கிழமைன்னும் சேத்து சொல்லும், அது ஈடிசியா இருக்கலாம், நேவிகேஷன் செட்டா இருக்கலாம்.

அப்பறம் ரெண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டுனா "சொரோசொரோ க்யூகேய் ஷிமாசேன் கா"ன்னு ஒண்ணு வரும், கொஞ்சம் ஓய்வு எடுக்கலாமேன்னு மரியாதையா கேக்குது. இந்தத் தீவு நீளமே 65 கிலோமீட்டர் சுமார், ரெண்டு மணி நேரம் ஓட்டணும்னா போர்ட் லூயிஸ் அன்புதேயாஜ்ல, அதாவது ட்ராஃபிக் ஜாம்ல, மாட்டுனா தான் உண்டு. எனக்கு அந்த கேள்வி முதல் தடவ வந்ததே பாய்ங்கிற ஊர் கிட்ட ஜாம்ல நின்னுக்கிட்டு இருக்கும்போது தான், கோபத்துலயும் சிரிப்பு வந்துருச்சு.

சரி, அந்த ஈடிசி வாயை எப்படி அடைக்கிறது?

முதல்ல பெட்டி எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க. ஸ்டீரிங்குக்கு கீழ முட்டி பக்கம், இல்ல குளோவ் பாக்ஸ் உள்ள, சில வண்டில சன் வைசருக்கு பின்னாடி. ஒரு கார்டு நுழையுற அளவுக்கு வாய் இருக்கும், பக்கத்துல ரெண்டு மூணு சின்ன பட்டன். அதுல ஒண்ணு வால்யூம். அமுக்க அமுக்க சத்தம் படிப்படியா மாறும், நெறைய மாடல்ல பூஜ்யம் வரைக்கும் எறக்க முடியும், சிலதுல ரெண்டு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா தான் குரல் நிக்கும். நூத்துக்கு எண்பது பேருக்கு இதோட பிரச்சன தீந்துரும்னு நான் சொல்ல மாட்டேன், எண்ணி பாக்கல, ஆனா என்கிட்ட கேட்டவங்கள்ல பாதிக்கு மேல இதுலயே நிம்மதி ஆனாங்க.

பட்டன் அமுக்கியும் நிக்கலன்னா வயர புடுங்கணும். தனியா மாட்டுன பெட்டின்னா பின்னாடி ஒரு பிளக் இருக்கும், அத கழட்டுனா போதும், வண்டி ஓடுறதுக்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. ஆனா ஃபியூஸ புடுங்கி நிறுத்துறேன்னு கெளம்பாதீங்க, ஒரே ஃபியூஸ்ல வேற எதுவாச்சும் சேந்து இருக்கும், ஒருத்தர் ஈடிசிய நிறுத்துறேன்னு சிகரெட் லைட்டர் சாக்கெட்ட சாகடிச்சுட்டு சார்ஜர் வேலை செய்யலன்னு மூணு நாள் புது சார்ஜரா வாங்கிக்கிட்டு இருந்தாரு. கண்ணாடி கிட்ட ஒட்டியிருக்குற சின்ன ஆன்டெனா சும்மா கெடக்கட்டும், அது பேசாது.

நேவிகேஷன் ஸ்கிரீன்ல வெறும் நீலமா தெரியுது. வண்டி கடல்ல போற மாதிரி இருக்கு. மேப் கெட்டுப் போச்சா?

கெட்டுப் போகல. அந்த செட்ல ஜப்பான் மேப் மட்டும் தான் இருக்கு. ஜிபிஎஸ் சாட்டிலைட் உலகம் முழுக்க வேலை செய்யும், அதனால வண்டி எங்க நிக்குதுன்னு செட்டுக்கு தெரியும், ஆனா அந்த எடத்துல அது கிட்ட ரோடு இல்ல. அதான் அம்புக்குறி மட்டும் வெட்டவெளில நீந்துது. என் மாமனாரு முதல் தடவ பாத்துட்டு "நாம இன்னும் கப்பல விட்டே எறங்கல போல"ன்னாரு.

மொரீஷியஸ் மேப் அதுல ஏத்த முடியுமான்னு கேப்பீங்க. ஏத்தித் தர்றேன்னு சொல்றவங்க கிட்ட காசு குடுக்காதீங்க, ஜப்பான்ல விக்கிற செட்டோட சாப்ட்வேரே அந்த ஊருக்குன்னு பண்ணது. ஒண்ணு போன் மேப் பாத்து ஓட்டணும், இல்ல அந்த செட்ட எடுத்துட்டு ஆண்ட்ராய்டு பிளேயர் மாட்டணும். மாத்துறதுன்னா ரிவர்ஸ் கேமராவும் ஸ்டீரிங்ல இருக்குற பட்டனும் புது செட்ல வேலை செய்யுமான்னு முன்னாடியே கடைக்காரர் கிட்ட வாய்விட்டு கேட்டுருங்க, அப்பறம் சண்ட போடுறதுல பிரயோஜனம் இல்ல.

ஒரு முக்கியமான விஷயம், மேப் உதவாதுன்னு உள்ள இருக்குற எஸ்டி கார்ட எடுத்து தூக்கிப் போட்டுறாதீங்க. சில செட்டு அந்த கார்டு இல்லாட்டி பாட்டு கூட பாடாது, பேட்டரி மாத்துன அன்னிக்கு லாக் ஆகி கோடு கேட்டுக்கிட்டு உக்காந்துரும். என் கூட வேலை பாக்குற பையன் அந்த கார்ட கேமராக்கு போட்டு ஃபார்மட் பண்ணிட்டான். அவன் கார்ல இப்ப போன் ஸ்பீக்கர்ல தான் பாட்டு.

ஜப்பான்ல ட்ராஃபிக் சொல்ற சிஸ்டம் இருக்காமே, அது இங்க வராதா?

விக்ஸ்னு பேரு, அங்க 1996ல ஆரம்பிச்சாங்க. எஃப்எம் ரேடியோ அலையிலயும் ரோட்டோரம் நட்டு வெச்ச கருவி வழியாவும் எங்க ஜாம்னு காருக்கு செய்தி அனுப்புவாங்க. ஜாமுக்கு ஜப்பான்ல "ஜூதாய்"னு சொல்வாங்க. அனுப்புறதுக்கு இங்க ஆள் இல்ல, அதனால ஸ்கிரீன்ல அந்த படம் எப்பவும் காலியா தான் இருக்கும். விட்டுருங்க.

மெனு பூரா ஜப்பான் எழுத்து. சவுண்டு எங்க கொறைக்கிறதுன்னு எப்படி தெரியும்?

போன்ல கூகுள் டிரான்ஸ்லேட்ட தொறந்து கேமராவ ஸ்கிரீன் மேல காட்டுங்க, எழுத்து மேலயே இங்கிலீஷ்லயோ தமிழ்லயோ வந்துரும். தமிழ் மொழிபெயர்ப்பு சில நேரம் காமெடியா இருக்கும், இங்கிலீஷ் பரவால்ல. வண்டிய நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டுட்டு பண்ணுங்க, ஓடும்போது நெறைய மெனு தொறக்கவும் தொறக்காது, அது அவங்க ஊரு பாதுகாப்பு ஏற்பாடு.

இன்னொரு தந்திரம், இது ஜப்பான் காருக்கு மட்டும் இல்ல, ஐரோப்பா கார், ஆண்ட்ராய்டு பிளேயர், போனு எல்லாத்துக்கும் பொருந்தும், இந்தப் பக்கத்துல வேற எதையும் ஞாபகம் வெச்சுக்காட்டியும் இத வெச்சுக்குங்க. அந்தக் குரல் பேசிக்கிட்டு இருக்கும்போதே வால்யூம திருகுங்க. பாட்டு வால்யூம் வேற, வழி சொல்ற வால்யூம் வேற, ட்ராஃபிக் அறிவிப்பு வால்யூம் வேற, போன் கால் வால்யூம் வேற. நாலும் ஒரே குமிழ்ல தான் இருக்கு, எந்த நேரத்துல திருகுறோமோ அந்த நேரத்துல பேசுறதோட சத்தம் தான் மாறும். பாட்டு ஓடும்போது பூஜ்யத்துக்கு திருகிட்டு "ஆனா இன்னும் கத்துதே"ன்னு சொன்னா அது கத்தத்தான் செய்யும்.

அந்த குரல் சொல்ற ஜப்பான் வார்த்தைல தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா?

அவசியம் இல்ல, ஆசைக்கு தெரிஞ்சுக்கலாம். "மிகி"ன்னா வலது, "ஹிதாரி"ன்னா இடது, "மாமோனாக்கு"ன்னா இதோ வந்துருச்சு, "கோச்சூய் குதசாய்"ன்னா ஜாக்கிரதையா இருங்க. என் பொண்ணுக்கு நாலு வயசுல மிகி ஹிதாரி தெரியும், இடது வலது தெரியாது.

கடிகாரம் அஞ்சு மணி நேரம் முன்னாடி ஓடுது. மாத்துனாலும் மறுபடி அதே.

ஜப்பான் நேரத்துக்கும் நம்ம நேரத்துக்கும் சரியா அஞ்சு மணி நேரம் வித்தியாசம். நேவிகேஷன் செட்டு சாட்டிலைட்ல இருந்து நேரத்த எடுத்து ஜப்பான் கணக்குல காட்டும், நீங்க கையால மாத்துனாலும் திரும்ப அதுவே திருத்திக்கும். செட்டிங்ஸ்ல ஜிபிஎஸ் நேரத்த நிறுத்த வழி இருந்தா நிறுத்துங்க, இல்லன்னா அஞ்ச கழிச்சுக்குங்க. நான் கழிச்சு கழிச்சு பழகிட்டேன், இப்ப சரியான நேரம் காட்டுற கார்ல ஏறுனா தான் கொழப்பமா இருக்கு.

ரேடியோல உள்ளூர் ஸ்டேஷன் பாதி வரல. ட்ராஃபிக் செய்தி எப்படி கேக்குறது?

ஜப்பான் எஃப்எம் 76ல ஆரம்பிச்சு 90லயோ 95லயோ முடிஞ்சுரும், இங்க 87.5ல இருந்து 108 வரைக்கும். ஓரமா ஒரு ரெண்டு ஸ்டேஷன் மட்டும் மாட்டும். பேண்ட் எக்ஸ்பாண்டர்னு தீப்பெட்டி சைஸ்ல ஒரு டப்பா இருக்கு, ஆன்டெனா வயர்ல நடுவுல மாட்டுனா மேல இருக்குற ஸ்டேஷன கீழ எறக்கி குடுக்கும், ஸ்கிரீன்ல வேற நம்பர் காட்டும் அவ்ளோ தான். ரீகண்டிஷன் விக்கிறவங்க நெறைய பேர் அவங்களே மாட்டி குடுப்பாங்க, வண்டி எடுக்குற அன்னிக்கே கேட்டு வாங்கிருங்க. காலைல ஆபீஸ் போற நேரம் எந்த ரோடு அடைப்புன்னு பிரெஞ்சுலயும் கிரியோல்லயும் சொல்லுவாங்க. புதுசா வந்தவங்களுக்கு புரியாதுன்னு நெனைக்காதீங்க, ஊர் பேரும் "அக்சிதான்", அதாவது விபத்துங்கிற வார்த்தையும் காதுல விழுந்தா மிச்சத்த ஊகிச்சிரலாம்.

எங்கிட்ட இருக்குறது ஐரோப்பா கார். பாட்டு நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு நின்னு ரேடியோ பேசுது, இல்ல பீப் பீப்னு கத்துது.

இது டிஏ பட்டன் பண்ற வேலை. டிஏன்னா ட்ராஃபிக் அனவுன்ஸ்மென்ட். ஐரோப்பால எஃப்எம் அலை கூடவே ஆர்டிஎஸ்னு ஒரு டேட்டாவும் அனுப்புறாங்க, ஸ்டேஷன் பேரு ஸ்கிரீன்ல வர்றது அதனால தான். அதுலயே ரெண்டு கொடி இருக்கு, டிபின்னா "நான் ட்ராஃபிக் செய்தி சொல்ற ஸ்டேஷன்", டிஏன்னா "இதோ இப்ப சொல்றேன்". நீங்க டிஏ போட்டு வெச்சிருந்தா, யூஎஸ்பில பாட்டு ஓடுனாலும் வெட்டிட்டு செய்திக்கு தாவும், முடிஞ்சதும் திரும்ப பாட்டுக்கு வரும். டிபி இருக்குற ஸ்டேஷனே கெடைக்கலன்னா சில செட்டு தேடிக்கிட்டே இருக்கும், சிலது பீப் அடிச்சு தெரிவிக்கும், அந்த பீப்ப பாத்து வண்டில கோளாறுன்னு சர்வீஸ் சென்டர் வரைக்கும் போனவங்க இருக்காங்க.

வழி ரொம்ப சுலபம், டிஏ பட்டன ஒரு தடவ அமுக்குங்க, ஸ்கிரீன்ல டிஏங்கிற எழுத்து மறையும். பட்டன் இல்லாத புது கார்ல ரேடியோ செட்டிங்ஸ் உள்ள இருக்கும். நடுவுல வந்த ஒரு அறிவிப்ப மட்டும் வெட்டணும்னா அது பேசும்போது அதே பட்டன அமுக்குனா போதும், அடுத்தது வழக்கம் போல வரும். சத்தம் மட்டும் அதிகம்னா மேல சொன்ன தந்திரம் தான், பேசும்போது திருகு.

போன்ல கூகுள் மேப்ஸ் ஓயாம பேசுது, ஆனா முக்கியமானது மட்டும் வேணும். முடியுமா?

முடியும், இது நெறைய பேருக்கு தெரியல. வழி காட்டும்போது வலது பக்கம் ஸ்பீக்கர் படம் இருக்குல்ல, அத தொட்டா மூணு வகை வரும், முழுசா பேசுறது, அலர்ட் மட்டும் சொல்றது, மொத்தமா மியூட். ரெண்டாவதுல வெச்சீங்கன்னா திரும்பு திரும்புன்னு சொல்லாது, முன்னாடி ஜாம், விபத்து இந்த மாதிரி விஷயம் வந்தா மட்டும் வாய் தொறக்கும். தெனமும் போற ரோட்டுக்கு இது போதும். வாக்வாஸ்ல இருந்து எபென் போறதுக்கு எனக்கு யாரும் வழி சொல்ல வேணாம், ஆனா ரெட்வி பக்கம் நிக்குதா ஓடுதான்னு தெரியணும்.

இதுல ஒரு எச்சரிக்கை, மியூட் போட்டுட்டு மறந்துருவீங்க. அடுத்த மாசம் ஏர்போர்ட்டுக்கு போகும்போது ஒண்ணும் பேசல, போன் கெட்டுப் போச்சுன்னு எனக்கு போன் பண்ணுவீங்க. முதல்ல அந்த ஸ்பீக்கர் படத்த பாருங்க.

ஜாம் எங்கன்னு அதுக்கு எப்படி தெரியும்னு குருக்கள் கேட்டாரு. ரோட்ல போற நம்ம போனுங்க தான் சாமி சொல்லுது, எந்த வேகத்துல நகருதுன்னு. நூறு போன் ஒரே எடத்துல ஊர்ந்தா செவப்பு.

ப்ளூடூத்ல போட்டா பாதி வாக்கியம் தான் கேக்குது. "…மீட்டரில் இடதுபுறம்"னு வருது, எத்தன மீட்டர்னு முழுங்கிருது.

கார் ஸ்பீக்கர் தூக்கத்துல இருந்து முழிக்கிறதுக்கு ஒரு செகண்ட் எடுக்குது, அதுக்குள்ள போன் பேசிருது. மேப் செட்டிங்ஸ்ல ப்ளூடூத் வழியா குரல் வேணாம்னு அணைச்சுட்டு போன் ஸ்பீக்கர்லயே பேச விடுங்க. போன் கால் பேசும்போதும் குரல் வரணுமா வேணாமான்னு அதே எடத்துல இன்னொரு சுவிட்ச் இருக்கு, அத அணைச்சுருங்க, மேனேஜர் கிட்ட பேசும்போது நடுவுல ஒரு அம்மா "யூ டர்ன் எடுக்கவும்"னா நல்லாவா இருக்கு.

தமிழ்ல வழி சொல்லுமா?

சொல்லும், 2018ல இருந்து தமிழ்க் குரல் இருக்கு. ஆனா இந்த ஊர்ப் பேரெல்லாம் பிரெஞ்சு, எழுதுறது ஒண்ணு சொல்றது ஒண்ணு. காட்போர்ன்னு இங்க சொல்ற ஊர "குவாட்ரே போர்னஸ்"னு தமிழ்க் குரல் படிச்சா, கிர்பிப்ப "கியூர்பைப்"னு படிச்சா, வண்டில இருக்குற உள்ளூர்க்காரங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. பிரெஞ்சுக் குரல் போட்டா பேரு சரியா வரும், திரும்புறது நமக்கு புரியாது. நான் இங்கிலீஷ்ல வெச்சிருக்கேன், ரெண்டுங்கெட்டான், ஆனா பழகிருச்சு.

எங்க மாமனாரு இது எதுவும் வேணாம்பாரு. அவருக்கு வழின்னா "தூ த்ருவா, லாபுத்திக் தாண்டி வீர் அ கோஸ்", அதாவது நேரா போ, அந்த சின்ன கடைய தாண்டி இடது பக்கம் திரும்பு. அந்தக் கடை இடிச்சு பத்து வருஷம் ஆச்சுங்கிறது தான் ஒரே பிரச்சன.

ரவுண்டானால மேப் பேச்ச கேட்டு தப்பு எக்ஸிட் எடுத்துட்டேன்.

இங்க எல்லாருக்கும் ஆகுது. "மூணாவது எக்ஸிட்"னு அது சொல்லும்போது நாம எண்ண ஆரம்பிச்சா பெட்ரோல் பங்க் வாசலயும் சேத்து எண்ணிருவோம். ரவுண்டானாக்கு முன்னாடியே போர்ட பாத்து எந்த ஊர் பேருன்னு மனசுல வெச்சுக்குங்க, எண்ணாதீங்க. தப்பா போனா இன்னொரு சுத்து சுத்துங்க, யாரும் கேக்க மாட்டாங்க, நடுவுல பிரேக் போடாதீங்க. வலது பக்கம் இருந்து வர்ற வண்டிக்கு விட்டுக் குடுக்கணும்ங்கிறத எந்தக் குரலும் சொல்லாது. பீனிக்ஸ் பக்கம் ரவுண்டானா இருந்த எடத்துல மேம்பாலம் வந்துருச்சு, பழைய ஆஃப்லைன் மேப் வெச்சிருந்தா அங்க கண்டிப்பா கொழப்பும், அப்டேட் பண்ணிக்குங்க.

வேஸ் நல்லதா கூகுள் நல்லதா?

வேஸும் ஒரு வழி காட்டுற ஆப் தான், அதையும் கூகுளே 2013ல வாங்கிருச்சு, ஆனா கொணம் வேற. வேஸ்ல ஓட்டுறவங்களே பள்ளம், விபத்து, போலீஸ்னு ரிப்போர்ட் பண்ணுவாங்க, அதனால விஷயம் சீக்கிரம் வரும், சத்தமும் ஜாஸ்தி வரும். செட்டிங்ஸ்ல அலர்ட்டுங்கிற பகுதிக்கு போனா ஒவ்வொண்ணையும் தனித்தனியா அணைக்கலாம், ரோட்டோரம் வண்டி நிக்குதுங்கிறத முதல்ல அணைங்க, இந்த ஊர்ல தால்புரி, அதாவது பருப்பு ரொட்டி, விக்கிற வண்டி நிக்காத ரோடு ஏது. ஸ்பீடு அலர்ட்ட மட்டும் விட்டு வைங்க. இங்க 2013லேருந்து ஸ்பீடு கேமரா இருக்கு, மோட்டார்வேல ஒரு எடத்துல 110, அடுத்த வளைவுல 80, ஊருக்குள்ள 60, 40னு மாறிக்கிட்டே இருக்கும். போர்டு தான் சட்டம், போன் காட்டுற நம்பர் இல்ல, ஃபைன் வந்தா போன் கட்டாது.

டேஷ்போர்டுல ஒரு சின்ன ரேடார் பெட்டி ஒட்டியிருக்கு. கேமரா வந்தா சொல்லுமாமே, வெச்சுக்கலாமா?

கழட்டுங்க. ஜப்பான் கேமரா எங்கெங்க இருக்குன்னு தான் அதுக்கு தெரியும். இங்க அது கத்துறது சூப்பர்மார்க்கெட் தானியங்கி கதவ பாத்து, ஏன்னா அந்தக் கதவு சென்சாரும் ரேடார் அலை தான் விடுது. பார்க்கிங்ல நுழையும்போதெல்லாம் அலறும். எங்க பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாசம் அந்தக் கடைல போலீஸ் ஒளிஞ்சிருக்குன்னு நம்பிக்கிட்டு இருந்தாரு.

காரே பீப் அடிக்குது, கோடு தாண்டுனா, முன்னாடி வண்டி நகர்ந்தா. எல்லாத்தையும் அணைச்சுரலாமா?

இங்க தான் நிதானம் வேணும். முன்னாடி நிக்கிற வண்டி கெளம்பிருச்சுன்னு சொல்ற பீப்ப அணைச்சா ஒண்ணும் கெட்டுப் போகாது, பின்னாடி இருக்குறவன் ஹாரன் அடிச்சு சொல்லிருவான். கோடு தாண்டுறத சொல்றது மோட்டார்வேல ராத்திரி உபயோகம், குறுகலான கரும்புத் தோட்டத்து ரோட்ல தொல்லை, பெரும்பாலும் ஸ்டீரிங் கிட்ட இருக்குற பட்டன்லயே ஆன் ஆஃப் பண்ணிக்கலாம். மோதல் எச்சரிக்கை, சீட் பெல்ட் பீப், இது ரெண்டையும் தொடாதீங்க. பெல்ட் சத்தம் வராம இருக்க வெறும் கொக்கி வாங்கி சொருகுறவங்கள பாத்திருக்கேன், அதுக்கு பதிலா பெல்ட்டே போட்டுருக்கலாம், ரெண்டுக்கும் ஒரே நேரம் தான் ஆகுது.

தைப்பூசம், சிவராத்திரி சமயத்துல மேப்ப நம்பலாமா?

நம்பாதீங்க. தைப்பூசம் இங்க அரசாங்க விடுமுறை, காட்போர்ன்ல கோர் த கார்த் மலை அடிவாரத்துல முருகன் கோயிலுக்கு காவடி தூக்கிட்டு வெறுங்கால்ல தார் ரோட்ல நடந்து வர்றாங்க. ரோடு காலியா இருக்குன்னு மேப் பச்ச காட்டும், ஏன்னா அங்க காரே இல்ல, கார் இல்லாட்டி ஜாம் எப்படி தெரியும். சிவராத்திரிக்கு கிராண்ட் பேசின் போற ரோடுங்கள்ல ராத்திரி பகலா காவர்னு காவடி மாதிரி பெரிய பெரிய அலங்காரம் தூக்கிட்டு ஆளுங்க நடக்குறாங்க, அத எந்த ஆப்பும் சொல்லாது. எந்த ரோடு மூடுறாங்கன்னு போலீஸ் முன்கூட்டி அறிவிப்பாங்க, ரேடியோலயும் வரும், அத கேட்டுட்டு கெளம்புங்க. அந்தப் பக்கம் போனீங்கன்னா பாட்டு, நேவிகேஷன் ரெண்டையும் மியூட் போட்டு கண்ணாடிய எறக்கி ஓட்டுங்க. மேளம் காதுல விழுந்தா அதுக்கு மேல என்ன அலர்ட்டு.

மெட்ரோ லைன் ரோட்ட குறுக்க வெட்டுற எடத்துலயும் அப்படித்தான், ரோஸ் ஹில் பக்கம் பாட்ட சத்தமா வெச்சுக்கிட்டு சிக்னல பாக்காம போகாதீங்க. மெட்ரோ ஓட ஆரம்பிச்சதுக்கு அப்பறம் பழைய பழக்கத்துல அப்படியே நுழையுறவங்க இன்னும் இருக்காங்க.

புயல், மழை சமயத்துல எத அணைக்கணும் எத வெச்சுக்கணும்?

எதையும் அணைக்காதீங்க. 2024 ஜனவரி 15, பெலால் புயல் அன்னிக்கு போர்ட் லூயிஸ்ல ரோட்ல வெள்ளம் பூந்து காருங்கள அடிச்சுட்டு போச்சு, ஆளுங்க ஆபீஸ விட்டு அவசரமா கெளம்பி நடுவுல மாட்டிக்கிட்டாங்க. மேப் என்ன பண்ணும், குறுக்கு வழி எது சீக்கிரம்னு பாத்து தாழ்வான சந்துக்குள்ள அனுப்பும், அங்க தண்ணி நிக்கிறது யாராச்சும் ரிப்போர்ட் பண்ணா தான் அதுக்கு தெரியும். 2015ல டெர் ரூஜ் வெர்டன் ரோடு விரிசல் விட்டு மூடுனப்பவும் இப்படித்தான், மூடுன செய்தி முதல்ல ரேடியோல தான் வந்துச்சு. புயல் எச்சரிக்கை இங்க ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் வகுப்பு, மூணு போட்டாச்சுன்னா வீட்ட விட்டு வெளிய வர வேணாம். அதனால ரெண்டு வந்த உடனே வண்டில டேங்க் நெரப்பி, ரேடியோல செய்தி ஸ்டேஷன வெச்சுட்டு, வீட்டுக்கு திரும்புற வேலைய பாருங்க.

நெட் இல்லாத எடத்துல?

முழுத் தீவையும் ஒரே ஆஃப்லைன் மேப்பா எறக்கி வெச்சுக்கலாம், அவ்ளோ சின்ன ஊரு. வழி காட்டும், ஜாம் மட்டும் காட்டாது. ஷமரேல் பக்கம் மலை ரோட்ல எனக்கு இது கை குடுத்துருக்கு.

போன கைல வெச்சுக்கிட்டு பாத்தா புடிப்பாங்களா?

புடிப்பாங்க, ஓட்டும்போது போன் கைல இருந்தாலே குத்தம். கண்ணாடிக்கு கீழ ஹோல்டர் மாட்டுங்க, பார்வைய மறைக்காத எடத்துல, கெளம்புறதுக்கு முன்னாடியே எடத்த டைப் பண்ணிருங்க. வாட்ஸ்அப் சத்தம் வராம இருக்க டிரைவிங் டூ நாட் டிஸ்டர்ப் போட்டு வைங்க, கோயில் குரூப்ல காலைல ஆறு மணில இருந்து வர்ற குட் மார்னிங் பூ படத்துக்கெல்லாம் மேப் நடுவுல டிங் டிங்னு அடிச்சா எந்த டிங் எதுக்குன்னே தெரியாது.

வண்டிய விக்கப் போறேன். கழட்டுன ஈடிசிய திரும்ப மாட்டணுமா?

வேணாம். பிளக்க டேப் சுத்தி உள்ள தள்ளிட்டு, பெட்டிய ஒரு கவர்ல போட்டு குளோவ் பாக்ஸ்ல வெச்சுருங்க. வாங்குறவங்க கிட்ட குடுக்குறதுக்கு முன்னாடி வீடு, ஆபீஸ் அட்ரஸ் செட்ல சேவ் ஆயிருக்கான்னு பாத்து அழிச்சுருங்க, ப்ளூடூத்ல ஏறுன உங்க போன் காண்டாக்டும் சேத்து. நான் வித்த காரோட புது ஓனர் அப்பறமும் ஒரு மாசம் அவரே தெரியாம கால் பண்ணிக்கிட்டு இருந்தாரு, "மாமா வீடு"ன்னு தமிழ்ல சேவ் பண்ணது அவர் ஸ்கிரீன்ல கட்டம் கட்டமா தெரிஞ்சிருக்கு, அமுக்கி பாத்திருக்காரு, எடுத்தது எங்க மாமனாரு, ரெண்டு பேரும் கிரியோல்ல அரை மணி நேரம் பேசி இப்ப ஃபிரெண்டு ஆயிட்டாங்க.